சிரிக்காத முகங்களோடு 97 நிமிடம்: ஒரு வெல்டர் சொல்லும் வழி

செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் சாலையோரத்தில் என் பட்டறை இருக்கிறது. கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, லாரிக்குப் பின்கதவு என்று முப்பத்தொரு வருடமாக இரும்போடுதான் பிழைப்பு. சினிமாவைப் பற்றி எழுதுகிறவன் இல்லை. ஆனால் ஒரே ஒரு படத்தைப் பற்றி, அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் தகுதி எனக்கு வந்துவிட்டதாக நினைக்கிறேன். ஏனென்றால் அதைத் தவறாகப் பார்க்கும் வழிகள் அத்தனையையும் நானே செய்து முடித்துவிட்டேன்.

படத்தின் பெயர் ஆங்கிலத்தில் ‘தி மேன் வித்தவுட் எ பாஸ்ட்’. கடந்தகாலம் இல்லாத மனிதன். பின்லாந்துப் படம், 2002இல் வந்தது. எடுத்தவர் அகி கௌரிஸ்மாகி. ஒருவன் ரயிலில் ஹெல்சிங்கி நகருக்கு வருகிறான். இரவில் பூங்கா பெஞ்சில் தூங்குகிறான். மூன்று ரவுடிகள் அவன் மண்டையில் அடித்துப் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். பிழைக்கிறான், ஆனால் தன் பெயர்கூட நினைவில் இல்லை. துறைமுகத்தில் பழைய சரக்குப் பெட்டிகளுக்குள், அதாவது கன்டெய்னர்களுக்குள் குடியிருக்கும் ஏழைகள் நடுவில் புதிதாக வாழத் தொடங்குகிறான். இவ்வளவுதான் கதை. இதில் கொள்ளை இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, காதல் இருக்கிறது, வயிறு வலிக்கச் சிரிக்கவும் இருக்கிறது. ஆனால் படத்தில் ஒருவர்கூடச் சிரிப்பதில்லை. சிரமம் அங்கேதான்.

எனக்கு இது கிடைத்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நெடுமங்காட்டுக்கு அப்பால் ஒரு வீட்டில் மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்கப் போயிருந்தேன். எங்கள் ஊரிலிருந்து ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை வழியாகப் போனால் நூறு கிலோமீட்டர் சொச்சம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். திருவனந்தபுரத்தில் டிசம்பர் மாதத்தில் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கும்போது அவரை வீட்டில் பார்க்கவே முடியாது என்று அவருடைய மனைவி சொன்னார். அன்று மதியம் மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் வெல்டிங் வேலை செய்தால் ஷாக் அடிக்கும், சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் டிவிடி ஒன்றை எடுத்துவந்து, “மேஸ்திரி, இதில் கதாநாயகன் உங்கள் தொழில்காரன். பாருங்கள்” என்றார்.

அடித்துப் போட்ட அந்த மனிதனின் பெட்டியை ரவுடிகள் குடைகிறார்கள். உள்ளே வெல்டர் முகமூடி. அதை எடுத்து, மயங்கிக் கிடப்பவன் முகத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறார்கள். எத்தனையோ படத்தில் எத்தனையோ கொடுமை பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சில் ஏதோ அடைக்கவும் செய்தது. எதை முதலில் செய்வது என்று தெரியாமல் டீயைக் கீழே வைத்தேன்.

முதலில், நான் செய்த தப்பு

டிவிடியை இரவல் வாங்கி வந்து எங்கள் ஆட்களுக்குப் போட்டுக்காட்டினேன். ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, பட்டறையின் வெள்ளையடித்த சுவர்தான் திரை. கல்யாண வீடியோ எடுக்கும் தம்பியிடம் புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்தேன். பதினொரு பேர் வந்தார்கள்: மர மில் ஆட்கள், டீக்கடை மாஸ்டர், லாரி புக்கிங் குமாஸ்தா, எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார், என் அக்கா மகள், இன்னும் சிலர். எல்லோரிடமும் “நல்ல காமெடிப் படம்” என்று சொல்லிக் கூப்பிட்டிருந்தேன்.

அதுதான் தப்பு. காமெடி என்று சொல்லிவிட்டால், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல ஆட்கள் சிரிப்புக்குக் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் வரவில்லை என்றால் எரிச்சல். இருபது நிமிடத்தில் ஆறு பேர் எழுந்து போய்விட்டார்கள். டீக்கடை மாஸ்டர் போகும்போது, “அண்ணாச்சி, அந்த ஆளுக்கு மண்டையில் அடிபட்டது, சரி. மற்றவர்களுக்கு எல்லாம் என்ன ஆயிற்று?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆகவே யாருக்காவது இதைக் காட்டப் போகிறீர்கள் என்றால், எந்த வகைப் படம் என்று சொல்லாதீர்கள். “ஒருவனுக்குப் பெயர் மறந்துவிட்டது” என்று மட்டும் சொல்லுங்கள். தனியாகப் பார்க்கிறீர்கள் என்றால் உங்களுக்கு நீங்களே அதைச் சொல்லிக்கொள்ளுங்கள். போனில் பார்க்கவே பார்க்காதீர்கள். இந்தப் படத்தில் முகத்தில் நடப்பது ஒரு நூலிழை அளவு. கைக்குள் அடங்கும் திரையில் அது தெரியாது.

மூன்று எண்ணுங்கள்

நம் படங்களில் ஒருவர் நகைச்சுவை சொன்னால், அதைச் சிரிப்பு என்று காட்டக் கூடவே ஒரு ஆள் இருப்பார், பின்னணியில் ஒரு சத்தம் இருக்கும், அடி வாங்கியவர் முகத்தை ஒரு கோணலாக்குவார். இதில் ஒன்றும் கிடையாது. ஒருவர் ஒரு வரி சொல்வார். எதிரே இருப்பவர் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பார். கேமரா நகராது. யாரும் அசையமாட்டார்கள். ஊமைப் பட காலத்தில் பஸ்டர் கீட்டன் என்றொருவர் இருந்தார், வீடே இடிந்து மேலே விழுந்தாலும் முகம் மாறாது, ‘கல்முகம்’ என்றே அவரை அழைத்தார்கள். அந்தப் பரம்பரை இது. எங்கள் பக்கத்தில் இதற்குச் சரியான வார்த்தை உண்டு: ஊமைக் குசும்பு. ஊருக்கு ஒருவராவது இருப்பார். இழவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு முகத்தை அசைக்காமல் ஒன்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருப்பவன் துண்டால் வாயை மூடிக்கொண்டு எழுந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் கண்டுபிடித்த வழி இது. ஒருவர் பேசி முடித்ததும் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். பேச்சில் வராத சிரிப்பு அந்த மூன்றில் வரும். பேசியவரை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவர் கண்ணைப் பாருங்கள். ஆரம்பத்தில் ஒரு ஆஸ்பத்திரிக் காட்சி இருக்கிறது. டாக்டர் நம் ஆள் இறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போகிறார். அறை காலி. சற்று நேரம் கழித்துப் பிணம் எழுந்து உட்கார்ந்து, ஒயர்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கண்ணாடி முன் போய் நின்று, கோணிப்போன மூக்கைத் தன் கையாலேயே நேராக்கிக்கொண்டு வெளியே நடக்கிறது. அதற்கு ஒரு இசையும் இல்லை, ஒருவரும் அலறுவதில்லை. வளைந்த ஆங்கிள் இரும்பை நான் நிமிர்த்துவதைப் போல அவன் மூக்கை நிமிர்த்துகிறான். இதற்கு நீங்கள் சிரித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. சிரிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, தொடர்ந்து பாருங்கள். என் அக்கா மகள் முதல் சிரிப்பைச் சிரித்தது நாற்பதாவது நிமிடத்தில்.

செந்தமிழில் படியுங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணம். மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

டிவிடியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, எங்கள் ஆட்கள் எழுந்து போன கதையைச் சொன்னேன். ஆசிரியர் யோசித்துவிட்டு ஒன்று சொன்னார். பின்னிஷ் மொழியிலும் நம் மொழிகளைப் போல எழுத்து வழக்கு வேறு, பேச்சு வழக்கு வேறாம். ‘நான் இருக்கிறேன்’ என்பதற்கு எழுத்தில் ‘மினா ஒலென்’ என்று வரும். பேச்சில் அதைப் பாதியாக மென்று ‘மா ஓன்’ என்று சொல்லிவிடுவார்கள். கௌரிஸ்மாகியின் ஆட்களோ கன்டெய்னரில் குடியிருந்தாலும், குப்பைத் தொட்டியில் குடியிருந்தாலும், எழுத்து மொழியில்தான் பேசுவார்கள். புத்தகத்தில் அச்சடித்த மாதிரி, முழு வினைச்சொல்லோடு. பின்லாந்துக்காரனுக்கு அதைக் கேட்டவுடனே சிரிப்பு வந்துவிடும். ஆங்கில சப்டைட்டிலில் அந்தச் சமாச்சாரமே கரைந்துபோய்விடுகிறது.

எனக்கு அப்போதுதான் விளக்கு எரிந்தது. ஆங்கிலக்காரனுக்குக் கரைந்துபோவது நமக்கு ஏன் கரைய வேண்டும்? நம்மிடம்தான் இரண்டு தமிழ் இருக்கிறதே. எங்கள் எல்லைப் பக்கத்தில் மூன்று என்றே சொல்லலாம். இந்தத் தாலுகா 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது, ஊர் நுழைவு வளைவில் இன்னமும் அந்தச் சங்கு முத்திரை இருக்கிறது, எங்கள் பேச்சில் மலையாளம் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. அந்தப் பேச்சில் வேலை செய்துவிட்டு, வீட்டுக்குப் போய் வானொலியில் ‘செய்திகள் வாசிப்பது’ என்று தொடங்கும் தமிழைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இந்த இரண்டு தமிழுக்கும் இடையில் இருக்கும் தூரம்தான் அந்தப் படத்தின் சிரிப்பு.

ஆகவே ஒரு குயர் நோட்டு வாங்கினேன். என் அக்கா மகள் கல்லூரியில் ஆங்கிலம் படித்தவள். அவள் சப்டைட்டிலை நிறுத்தி நிறுத்திச் சொல்ல, வாத்தியார் அதை நல்ல எழுத்துத் தமிழாக்கிச் சொல்ல, நான் எழுதினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. பேச்சு அவ்வளவு குறைவு என்பதால் நோட்டில் பாதிகூட நிறையவில்லை.

எடுத்துக்காட்டாக ஒன்று. நிலவுக்குப் போய்வந்ததைப் பற்றி இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். அங்கே யாரையாவது சந்தித்தாயா என்று ஒருவர் கேட்கிறார். அதிகம் இல்லை, அன்று ஞாயிற்றுக்கிழமை என்று மற்றவர் சொல்கிறார். இதைத் தெருப் பேச்சில் சொன்னால் இரண்டு குடிகாரர்களின் உளறல். வாத்தியார் சொன்ன தமிழில் கேளுங்கள்:

“அங்கு எவரையேனும் சந்திக்க நேர்ந்ததா?”

“அதிகம் இல்லை. அன்றைய தினம் ஞாயிற்றுக்கிழமை.”

இன்னொன்று. அந்த ஆள் தன் கன்டெய்னரில் சமையல் செய்து, தன் மனதுக்குப் பிடித்த பெண்ணை விருந்துக்கு அழைக்கிறான். அவள் வந்து, நான் ஏதாவது உதவட்டுமா என்கிறாள். “வேண்டாம். ஏற்கெனவே நானே கெடுத்துவிட்டேன் என்று கருதுகிறேன்.” இதில் ‘கருதுகிறேன்’ என்ற ஒரு சொல்லுக்காக வாத்தியாருக்கு நான் ஆயுளுக்கும் கேட் போட்டுக்கொடுப்பேன்.

நோட்டோடு இரண்டாம் முறை காட்டினேன். வாத்தியார் வசனத்தை ஏற்ற இறக்கமில்லாமல், செய்தி வாசிப்பதைப் போலப் படித்தார். ஒன்பது பேர் வந்தார்கள், ஒன்பது பேரும் கடைசி வரை இருந்தார்கள். நீங்கள் நோட்டுப் போட வேண்டிய அவசியமில்லை. சப்டைட்டிலைப் பார்த்ததும் அதை மனதுக்குள் அரசாங்கக் கடிதத் தமிழில் மாற்றிச் சொல்லிப் பாருங்கள். பழகப் பத்து நிமிடம் ஆகும்.

சிரிப்போடு இன்னொன்றும் கூடவே வரும், எச்சரிக்கையாக இருங்கள். பக்கத்துக் கன்டெய்னரில் குடும்பத்தோடு குடியிருப்பவர் ஒருவர், வாரத்தில் சில நாள் காவல் வேலை பார்ப்பவர், ஒரு வெள்ளிக்கிழமை நம் ஆளை வெளியே இரவு உணவுக்கு அழைத்துப் போகிறார். பெரிய மனிதர்கள் ஓட்டலுக்குப் போகும் தோரணை. போய்ச் சேரும் இடம், இரட்சணிய சேனை, அதாவது சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு, இலவசமாகச் சூப் ஊற்றும் வரிசை. அதில் நிற்கும்போதும் அந்த மரியாதைத் தமிழ், மன்னிக்கவும், மரியாதைப் பின்னிஷ் குறைவதில்லை. இங்கே எங்கள் மில் ஆட்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும், “வெள்ளத்தின்போது முகாமில் நாங்களும் சட்டையை மாற்றிக்கொண்டுதான் வரிசைக்குப் போனோம்” என்றார்.

இரட்சணிய சேனை விஷயத்தில் நம் தென்கோடிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் அந்தச் சீருடையைப் பார்த்து ராணுவமா, போலீஸா என்று குழம்பக்கூடும். நாகர்கோவிலில் அவர்கள் நடத்தும் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி நூறாண்டு தாண்டியது. குமரிப் பக்கம் பெண் எடுத்த எங்கள் வீட்டில் அந்தச் சீருடை புதிதல்ல. படத்தில் அந்தச் சீருடை போட்ட இர்மாதான் கதாநாயகி. நடித்தவர் காட்டி ஔட்டினென், அந்த ஆண்டு பிரான்சில் நடந்த கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது அவருக்குத்தான். படத்துக்கு அங்கே இரண்டாம் பெரிய பரிசான கிராண்ட் பிரீ கிடைத்தது. நாய்க்கும் ஒரு பரிசு உண்டு, அந்த விழாவையொட்டி நாய்களுக்கென்றே ஒன்று கொடுக்கிறார்கள். படத்தில் அதன் பெயர் ஹானிபல். கடித்துக் குதறிவிடும் என்று சொந்தக்காரன் மிரட்டுவான். அது வந்து காலடியில் படுத்துக்கொள்ளும்.

கொள்ளைக்காரன் வரும்போது

கொள்ளை, போலீஸ் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். நம் ஆள் வெல்டர் என்று தெரிய வருகிறது. வேலை செய்கிற ஒருவனைப் பார்க்கிறான், நான் செய்து பார்க்கட்டுமா என்று கேட்கிறான், கை தானாக வேலை செய்கிறது. இந்தக் காட்சியைக் குறை சொல்லலாம் என்று தொழில்காரன் திமிரோடுதான் நான் பார்த்தேன். முடியவில்லை. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஆசான் கடைசி மூன்று வருடம் மறதி நோயில் கிடந்தார். பெயர் கேட்டால் குழந்தை மாதிரி விழிப்பார். ஒருநாள் பட்டறைக்கு அழைத்துவந்து, கரண்ட் இல்லாத ஹோல்டரில் ராடு மாட்டிக் கையில் கொடுத்தேன். இரும்பில் தீக்குச்சி கிழிப்பதைப் போல ஒரு தட்டுத் தட்டுவோம், ஆர்க், அதாவது மின்பொறி, பிடிப்பதற்கு. அந்தத் தட்டு அச்சுப் பிசகாமல் விழுந்தது. பிறகு என்னைப் பார்த்து, “தம்பி எந்த ஊர்?” என்று கேட்டார். படத்தின் இந்த இடத்தில் நான் ஐந்து முறையும் சுவரைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தேன். நீங்கள் பாருங்கள்.

வேலை கிடைத்துவிடுகிறது. சம்பளம் வாங்க வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குத் திறக்கப் பெயர் வேண்டும், பெயர்தான் இல்லையே. ஆதார் அட்டையில் ஒரு எழுத்துத் தப்பானதற்கு அலைந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வங்கியில் ஒரே ஒரு பெண் ஊழியர்தான் மிச்சம். வங்கியை வடகொரியாவுக்கு விற்றுவிட்டார்களாம். அந்த நேரத்தில் துப்பாக்கியோடு ஒரு முதியவர் வருகிறார். அவர் கொள்ளையடிக்க வந்தது தன் சொந்தப் பணத்தை. அவர் நிறுவனம் நொடித்து, வங்கி கணக்கை முடக்கிவிட்டது, தொழிலாளிகளுக்குச் சம்பளப் பாக்கி கொடுக்க வேண்டும். தனக்குச் சேர வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, இவர்கள் இருவரையும் பெட்டக அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார்.

இங்கே துரத்தல் வரும், சைரன் வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். போலீஸ் வருகிறது, ஆனால் கொள்ளைக்காரனை விட்டுவிட்டுப் பெயர் இல்லாதவனைப் பிடித்து உள்ளே வைக்கிறது. அவனை மீட்க வரும் வக்கீலைக் கவனியுங்கள். சட்டப் பிரிவுகளை மூச்சு விடாமல் ஒப்பிக்கிற அந்த மனிதர் நடிகர் அல்ல, மட்டி வுவோரி என்ற நிஜ வழக்கறிஞர், ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். எழுத்துமொழி அவருக்குத் தொழில் ஆயுதம். மற்றவர்கள் அதைப் பேசும்போது சிரிப்பாக இருப்பது, இவர் வாயில் வரும்போது பூட்டைத் திறக்கிறது. சிரிப்புக்குள் இப்படி ஒரு இடத்தை ஒளித்து வைத்த ஆளை என்னவென்று சொல்வது.

கொள்ளைக்காரர் பிறகு நம் ஆளைத் தேடி வருகிறார். சம்பள உறைகளை ஒப்படைத்து, இதைத் தொழிலாளிகளிடம் சேர்த்துவிடுங்கள் என்கிறார். அதற்குப் பிறகு அவருக்கு என்ன ஆகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை, படமும் முகத்துக்கு நேரே காட்டுவதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு மர வியாபாரி இருந்தார். கடன் கழுத்தை நெரித்தபோது இரவோடு இரவாகக் கேரளப் பக்கம் போய்விட்டார். எனக்கு 2,400 ரூபாய் பாக்கி. போனது போனதுதான் என்று விட்டுவிட்டேன். எட்டு மாதம் கழித்து ஒரு லாரி டிரைவர் உறை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பணம், ஒரு தாள். அன்றாடம் என்னை ‘ஏய்’ என்று கூப்பிட்ட மனிதர், ‘பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு’ என்று தொடங்கியிருந்தார். அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. படத்தில் உறைகள் கை மாறும்போது உங்கள் இழுப்பறையில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

கொஞ்சம் பின்னணி தெரிந்திருந்தால் நல்லது, நிறையத் தேவையில்லை. பின்லாந்து பணக்கார நாடு என்றுதான் நமக்குத் தெரியும். 1990களின் தொடக்கத்தில் அங்கே பெரிய சரிவு வந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்து ஏற்றுமதி போயிற்று, வங்கிகள் தள்ளாடின. 1990இல் 3 சதவீதத்தை ஒட்டியிருந்த வேலையின்மை 1994இல் 16 சதவீதத்தைத் தாண்டியது. கௌரிஸ்மாகி அந்தச் சரிவின் மிச்சத்தை வைத்து மூன்று படம் எடுத்தார், 1996இல் ஒன்று, 2006இல் ஒன்று, நடுவில் இது. படம் எடுக்க வருவதற்கு முன் அவர் தபால்காரராகவும் பாத்திரம் கழுவுபவராகவும் வேலை பார்த்தவர். கன்டெய்னர் வாழ்க்கை என்பது என்ன என்று நான் சொல்ல முடியும். சின்னது 20 அடிக்கு 8 அடி. அதை அறுத்து ஜன்னல் வைத்துக் கடையாக்கிக் கொடுத்திருக்கிறேன். மே மாதத்தில் உள்ளே நின்றால் பரோட்டாக் கல். அந்தக் குளிர் நாட்டில் அது ஐஸ் பெட்டியாகத்தான் இருக்க வேண்டும். அதற்குள் அவன் அடுப்பு வைத்து, எங்கிருந்தோ ஒரு ஜூக்பாக்ஸ், அதாவது காசு போட்டால் பாடும் பாட்டுப் பெட்டி, கொண்டுவந்து, வெளியே உருளைக்கிழங்கு நடுகிறான். (ஆர்க் வெளிச்சம் கண்ணில் அடித்த இரவுகளில், மணல் கொட்டியதைப் போல எரியும்போது, உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கிக் கண்மேல் வைத்துக்கொண்டு படுக்கும் வழக்கம் எங்களிடம் உண்டு. இதற்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒரு வெல்டர் உருளைக்கிழங்கு நட்டதும் எங்கள் பட்டறைப் பையன் “கண்ணுக்கு” என்று சொல்லிவிட்டான்.)

பாட்டு வரும்போது ஓட்டிவிடாதீர்கள். நிறையப் பேர் செய்யும் தவறு. நம்மைப் போலவே அவர்களும் பாட்டுப் பித்தர்கள், டாங்கோ என்ற அர்ஜென்டினா இசையைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோய்ச் சோகமாக்கி வைத்திருக்கிறார்கள். 1985 முதல் செய்னாயொகி என்ற ஊரில் அதற்குத் திருவிழாவே நடக்கிறது. முகத்தில் காட்டாததை எல்லாம் இந்த ஆட்கள் பாட்டில்தான் வைத்திருக்கிறார்கள். இர்மா இரவில் படுக்கையில் ரேடியோவில் ராக் பாட்டுக் கேட்பதை விட்டுவிட்டால் அவளை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

விளக்காததைக் கேட்காதீர்கள். பிற்பகுதியில் அவன் ரயிலில் உட்கார்ந்து ஜப்பான் சாப்பாடு சாப்பிடுகிறான், ஜப்பான் பாட்டு ஒலிக்கிறது. ஏன்? தெரியாது. 2010இல் எங்கள் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தி, 2018இல் அகலப் பாதையில் மறுபடி விட்டபோது முதல் நாட்களில் புனலூர் வரை சும்மா போய்த் திரும்பியவன் நான். பதிமூன்று கண் பாலத்துக்கு மேலே வண்டி போகும்போது பக்கத்தில் இருந்த மனிதர் முழுப் பலாப்பழம் ஒன்றை மடியில் வைத்திருந்தார், இறங்கும்வரை அதைத் தடவிக்கொண்டே வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அவனுடைய பழைய வாழ்க்கை திரும்ப வந்து கதவைத் தட்டும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு சண்டை நடக்க வேண்டும் என்று நம் சினிமா ரத்தம் துடிக்கும். அப்போது இரண்டு ஆண்களும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள், அதைக் கட்டாயம் செந்தமிழில் பாருங்கள். மேலே சொல்லமாட்டேன். முடிந்ததும் விளக்கை உடனே போட வேண்டாம். யாரையும் “எப்படி?” என்று கேட்க வேண்டாம். நாங்கள் எழுந்து நடந்து போய்ப் பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டோம். இரண்டாவது பரோட்டாவில்தான் பேச்சு வந்தது.

ஒரு காட்சியை மட்டும் இதுவரை ஒதுக்கி வைத்திருந்தேன். கன்டெய்னருக்கு மின்சாரம் இழுத்துக்கொடுக்க ஒரு எலெக்ட்ரீஷியன் வருகிறார், கம்பத்திலிருந்து கள்ளத்தனமாக. வேலை முடிந்ததும் நம் ஆள், நான் எவ்வளவு தர வேண்டும் என்று கேட்கிறான். நான் சாக்கடையில் குப்புறக் கிடப்பதை நீங்கள் கண்டால் என்னை மல்லாக்கப் புரட்டிவிடுங்கள், அது போதும் என்கிறார் அவர். வாத்தியார் இதைப் படித்தபோது பட்டறையில் சத்தமே இல்லை, மூன்று எண்ணியபின் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

அன்று புரொஜெக்டருக்கு லைன் இழுத்துக் கொடுத்தது எங்கள் ஊர் ஒயர்மேன். அவரும் கடைசி வரை இருந்து பார்த்தார். எல்லோரும் போனபின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவரிடம், “நான் தங்களுக்கு எவ்வளவு தர வேண்டும்?” என்று படத்துத் தமிழிலேயே கேட்டேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

“முந்நூறு ரூபாய்” என்றார். “நான் குடிப்பதில்லை.”